"இந்தியப் பாட்டி" வேடத்துக்கு மறுபடி போகலாமா?

வாசகர் கேள்வி:

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். மருத்துவ மாணவர்களுக்கு முன்னால் நோயாளியாக நடிக்க வயதானவர்கள் வேண்டும் என்று கேட்டார்கள். எல்லா இனத்து நோயாளிகளையும் மரியாதையோடு நடத்தக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு என்றார்கள். நல்ல காரியம்தானே என்று போனேன். கையில் கொடுத்த தாளில் என் பாத்திரத்துக்குப் பெயரே இல்லை, "இந்தியப் பாட்டி" என்று மட்டும் போட்டிருந்தது. சேலை கட்டி, பெரிய பொட்டு வைத்து வரச் சொன்னார்கள். சர்க்கரை வியாதிக்காரி. இங்கிலீஷ் வராது. எதைக் கேட்டாலும் "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்ல வேண்டும். மகன்தான் பதில் சொல்வான். புரட்டாசி என்பதால் இன்சுலின் ஊசியை மறுக்க வேண்டும். சொன்னபடி நடித்தேன். ஒரு பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். முடிந்ததும் இன்னொருவன், "இந்தியப் பேஷண்ட்ஸ் எல்லாரும் இப்படித்தான், வார்டில் பார்த்திருக்கேன்" என்றான். வகுப்பு எடுத்தவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த குழுவைக் கூப்பிட்டார். ஒரு ஜூலுப் பெண் மட்டும் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "விரதத்தில் என்ன சாப்பிடுவீங்க அம்மா?" என்று கேட்டாள். தாளில் அதற்குப் பதில் இல்லை. என் பாத்திரத்துக்கு இங்கிலீஷ் வராது என்பதையே மறந்து, என் வீட்டு வழக்கத்தைச் சொல்லிவிட்டேன். அடுத்த மாதமும் கூப்பிடுகிறார்கள். நடிப்புத்தானே, இதற்கு ஏன் வருத்தப்படுகிறாய் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு ஒப்பவில்லை. போகலாமா, வேண்டாமா?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு, வணக்கம்.

உங்களுக்கு மனசு ஒப்பாதது நியாயம்தான். எதைக் கற்றுக்கொடுக்க அந்த வகுப்பை ஆரம்பித்தார்களோ, அதற்கு நேர்மாறானதைக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆனாலும் விலகிவிடாதீர்கள் என்பதுதான் என் பதில். போங்கள், அந்தத் தாளை மாற்றச் சொல்லிவிட்டுப் போங்கள். டர்பனில் மருத்துவ மாணவர்களுக்கு இந்த மாதிரி சிமுலேஷன் வகுப்புகள் எடுப்பது என் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நோயாளியாக நடித்துக் காட்டும் இந்த முறையைத் தொடங்கி வைத்தவர் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர். 1963-ல் லாஸ் ஏஞ்சலிஸில், ஓவியர்களுக்கு மாடலாக இருந்த ஒரு பெண்ணுக்கு நரம்பு நோயாளியைப் போல நடிக்கப் பயிற்சி கொடுத்து மாணவர்களைச் சோதிக்க வைத்தார். ஒவ்வொரு மாணவரும் தன்னை எப்படிப் பரிசோதித்தார் என்பதை அந்தப் பெண் பிறகு குறித்துக் கொடுப்பார். இந்த யோசனை வந்ததற்குப் பின்னால் ஒரு சம்பவத்தைப் பாரோஸ் சொல்லியிருக்கிறார். டாக்டர்களுக்கான தேர்வில் நிஜ நோயாளி ஒருவரைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வைத்தார்கள். தேர்வு எழுத வந்த ஒருவர் அவரிடம் முரட்டுத்தனமாக, எரிச்சலோடு நடந்துகொண்டார். நோயாளி சும்மா விடவில்லை. ஒரு காலில் இருந்த நோய்க்குறியை மறு காலில் இருப்பதாகக் காட்டிவிட்டார்! மரியாதை கெட்ட மருத்துவருக்குத் தப்பான தகவல்தான் கிடைக்கும் என்பது இந்த முறை பிறந்த இடத்திலேயே இருக்கிறது. மரியாதை என்பது வைத்தியத்துக்கு மேலே தூவும் அலங்காரம் கிடையாது, வைத்தியமே அதில்தான் நிற்கிறது. உங்கள் வகுப்பில் அந்த ஜூலுப் பெண்ணுக்கு மட்டும் உண்மையான பதில் கிடைத்ததே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் எங்கே கோளாறு என்றால், பாத்திரத்தின் இடத்தில் ஒரு இனத்தைப் பற்றிய அபிப்பிராயத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தியப் பாட்டி என்றால் இங்கிலீஷ் தெரியாது, மகன் பேசுவான், கடவுள் மேல் பாரத்தைப் போடுவாள் என்று ஏற்கெனவே மனசில் இருந்ததை ஒரு மனுஷி மேல் போர்த்தி மாணவர்கள் முன்னால் உட்கார வைத்தார்கள். "எல்லாரும் இப்படித்தான்" என்று சொன்ன பையனைக் கோபித்துப் பயனில்லை. கொடுத்த பாடத்தை அவன் சரியாகத்தான் படித்திருக்கிறான். 1860-ல் ட்ரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து முதல் கூலிக்காரர்கள் வந்து இறங்கியதிலிருந்து இந்த ஊரில் இருக்கிறோம். சாட்ஸ்வொர்த்தில் உங்கள் வயதில் இங்கிலீஷ் தெரியாத பாட்டியைத் தேடிக் கண்டுபிடிக்கவே கஷ்டம், பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லையே என்றுதான் நம் வீடுகளில் கவலை. தாளை எழுதியவர் நம் வீடு எதற்குள்ளும் வந்ததில்லை என்பது அதிலேயே தெரிகிறது.

இதில் உங்களுக்கு ஒரு பிடிமானமும் உண்டு. இந்தப் பணியில் இருப்பவர்களுக்கான உலக அளவிலான சங்கம் 2017-ல் தன் தர வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. காட்சிகளை நிஜமான பிரச்சினைகளிலிருந்து எழுத வேண்டும், யாரைக் காட்டுகிறோமோ அவர்களுக்கு மரியாதை இருக்க வேண்டும், ஒதுக்கப்பட்ட மக்களை அச்சில் வார்த்த மாதிரி காட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. தனக்குப் பொருந்தாது என்று தோன்றும் பாத்திரத்திலிருந்து நடிப்பவர் விலகிக்கொள்ள இடம் தர வேண்டும் என்றும் இருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்கப்போவதைச் சலுகை என்று நினைத்துத் தயங்க வேண்டாம். அவர்கள் தொழிலின் விதியைத்தான் நினைவுபடுத்துகிறீர்கள்.

சரி, தாளை எப்படி மாற்றுவது? இதில்தான் நீங்கள் பெரிய உதவி செய்ய முடியும்.

முதலில் அவளுக்கு ஒரு பெயர் வையுங்கள். அப்புறம் ஒரு வாழ்க்கை கொடுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: வயது அறுபத்தேழு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே டர்பனில் துணி ஃபாக்டரியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். இங்கிலீஷ் சரளமாகப் பேசுவாள், ஜூலுவும் சமாளிப்பாள், பூஜை அறையில் மட்டும் தமிழ். மகளோடு இருக்கிறாள். சர்க்கரைக்கு மாத்திரையும் உண்டு, ராத்திரி இன்சுலினும் உண்டு. புரட்டாசி மாதம் முழுக்க வீட்டில் கறி மீன் கிடையாது. சனிக்கிழமை மட்டும் பெருமாளுக்குப் படைக்கிற வரைக்கும் வாயில் எதுவும் போட மாட்டாள். போன இரண்டு சனிக்கிழமையும் மத்தியானத்துக்கு மேல் கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். கிளினிக்குக்கு வந்திருப்பது வழக்கமான மருந்துச் சீட்டுக்காக. விரதத்தைப் பற்றி அவளாகச் சொல்ல மாட்டாள், ஏனென்றால் முன்பு ஒரு தடவை சொன்னதற்கு ஒரு சிஸ்டர் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார்.

இப்போது பாருங்கள், இது வைத்தியம் ஆகிவிட்டது. சாப்பிடாமல் இருக்கும்போது இன்சுலினும் சிலவகைச் சர்க்கரை மாத்திரைகளும் ரத்தத்தில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அந்த நடுக்கமும் வியர்வையும் அதன் அடையாளம். மாணவர் கண்டுபிடிக்க வேண்டியது இதைத்தான். கண்டுபிடிக்க ஒரே வழி, "இந்த மாசம் சாப்பாடு எல்லாம் எப்படிப் போகுது?" என்று திறந்த மனசோடு கேட்பது. உங்களுக்கான குறிப்பையும் தாளில் எழுத வேண்டும்: அக்கறையாகக் கேட்டால் விரதத்தைச் சொல்லுங்கள்; கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டால் "எல்லாம் சரியாத்தான் இருக்கு டாக்டர்" என்று முடித்துக்கொள்ளுங்கள்; விரதம் இருக்கவே கூடாது என்று அதட்டினால் தலையை ஆட்டிவிட்டு உள்ளுக்குள் மூடிக்கொள்ளுங்கள். அதட்டின மாணவருக்கு நல்ல பிள்ளையாகத் தலையாட்டிய நோயாளி கிடைப்பாள். அவள் அடுத்த சனிக்கிழமை மயங்கி விழுவாள் என்று அவருக்குத் தெரியாது. அதைப் பின்னால் கலந்து பேசும்போது எடுத்துக் காட்டலாம்.

நன்றாகக் கேட்ட மாணவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் தாளில் இருக்க வேண்டும். விரதத்தை விடச் சொல்வது அவர் வேலை இல்லை. விரத நாளுக்கு முந்தின ராத்திரி மருந்தின் அளவைப் பற்றித் தன் மூத்த மருத்துவரோடு பேசித் திட்டம் போட வேண்டும். வீட்டில் விரல் நுனியில் குத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும், சர்க்கரை 4-க்குக் கீழே (இங்கே அளக்கிற mmol/L கணக்கில்) இறங்கினால் உடனே சர்க்கரை போட்டது எதையாவது குடிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். பெருமாள் கோபித்துக்கொள்வாரா என்று அந்த அம்மா கேட்டால், அதற்கு மாணவரே பதில் சொல்லத் தேவையில்லை. "உங்க கோயில் ஐயரையோ, வீட்டுப் பெரியவங்களையோ கேட்டுப் பாருங்க, உடம்பு முடியாதவங்க என்ன செய்யலாம்னு அவங்க சொல்வாங்க" என்றால் போதும். கடைசியில், "நான் சொன்னதை உங்க வார்த்தையில ஒரு தடவை சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். அதில்தான் புரிந்ததா இல்லையா என்று தெரியும்.

புரட்டாசி என்றால் என்னவென்று அந்த மாணவருக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். அதனால் மோசமில்லை. பல பண்பாடுகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் போதும் என்ற எண்ணம் இந்தத் துறையில் ரொம்ப நாள் இருந்தது. 1998-ல் அமெரிக்காவில் மெலனி டெர்வலான், ஜேன் முர்ரே-கார்சியா என்ற இரண்டு மருத்துவர்கள் அதை மறுத்து எழுதினார்கள். இன்னொருவர் பண்பாட்டை முழுசாகத் தெரிந்துகொண்டேன் என்று யாரும் சொல்ல முடியாது, ஆகவே தன்னையே திரும்பிப் பார்த்துக்கொண்டு, நோயாளியிடமே கேட்டுக் கற்கும் பணிவு வேண்டும் என்றார்கள். என் அனுபவத்தில் பட்டியலை நன்றாகப் படித்த மாணவர்கள்தான் சில சமயம் கேட்கவே மாட்டார்கள். தெரியும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இது நமக்கும் பொருந்தும் டீச்சர். இதைச் சொல்லாமல் விட்டால் என் பதில் பாதிதான். நம் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஜூலு நோயாளி முன்னால் உட்காரும்போது அவர்கள் மனசிலும் ஒரு தாள் இருக்கிறது. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடந்த கலவரத்தில் 142 பேர் செத்தார்கள். 2021 ஜூலைக் கலவரத்தின்போது, டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் ஆப்பிரிக்கர்கள் கொல்லப்பட்டதை இப்போது படிக்கிற மாணவர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பயமும் கோபமும் சிமுலேஷன் அறை வாசலில் செருப்போடு கழன்றுவிடாது. நாட்டு மருந்து சாப்பிட்ட ஒரு கோகோவை, அதாவது ஜூலுப் பாட்டியை, நம் பிள்ளை ஒருவன் "இந்த இமுத்தி எல்லாம் குடிச்சா இப்படித்தான் ஆகும்" என்று சொன்னால், அவளும் நம் பாட்டி விரதத்தை மறைத்த மாதிரியே மருந்தை மறைப்பாள். எந்த இலை, எந்த வேர், எத்தனை நாளாக என்று கிட்னியைப் பற்றிக் கவலைப்படுகிற டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமலே போய்விடும்.

ஆகவே உங்கள் காட்சியோடு இன்னொரு காட்சியும் வேண்டும் என்று கேளுங்கள்: ஜூலு பேசும் அம்மா ஒருவர், ஜூலு பேசும் ஒருவரே நடிக்க வேண்டும். நம்மில் யாரும் அந்த உச்சரிப்பைப் பாவனை செய்து நடிக்கக் கூடாது, அவர்களில் யாரும் நம்மை நடிக்கக் கூடாது. இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அந்தக் காட்சியில் மொழிபெயர்க்க ஒருவரைக் கூட வையுங்கள். நம் ஆஸ்பத்திரிகளில் இது அன்றாடம் நடப்பது. வழியில் போகிற நர்ஸையோ துப்புரவு செய்கிறவரையோ கூப்பிட்டு "கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்பார்கள். அந்த அம்மா மூச்சுவிடாமல் ஐந்து நிமிஷம் பேசுவார். கூப்பிட்டு வந்தவர், "வயிறு வலிக்குதாம்" என்பார். மாணவர் "சரி" என்று எழுதிக்கொள்வார், கண்ணும் முகமும் முழுக்க மொழிபெயர்ப்பவர் பக்கமே இருக்கும். நோயாளி ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். இந்தக் காட்சியை வீடியோ எடுத்து, சத்தத்தை அணைத்துப் போட்டுக் காட்டுங்கள். மாணவர்கள் தாங்களாகவே பார்த்துக்கொள்வார்கள், நாம் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. அப்புறம் நாற்காலிகளை மாற்றிப் போட்டு, நோயாளியைப் பார்த்தே பேசி, "அவர் இன்னும் என்னவெல்லாம் சொன்னார்?" என்று கேட்டு மறுபடி செய்யச் சொல்லலாம். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் 2014 முதல் புதிதாகச் சேரும் இளநிலை மாணவர்களுக்கு ஜூலுப் பாடத்தைக் கட்டாயம் ஆக்கியது நல்ல ஏற்பாடு. ஆனால் வகுப்பில் படித்த மொழி வார்டில் வாய்க்கு வர வேண்டும் என்றால் இப்படிப்பட்ட ஒத்திகை வேண்டும்.

இதைவிடக் கடினமான ஒரு காட்சி உண்டு. நோயாளியோ அவர் மகனோ, "இந்தப் பெண் வேண்டாம், நம்ம ஆளு டாக்டர் யாரையாவது அனுப்புங்க" என்கிறார்கள். இது நம் வீட்டுப் பெரியவர்கள் வாயிலிருந்தும் வருகிற வார்த்தைதான். உங்களை அந்தப் பாத்திரத்துக்குக் கேட்டால், யோசித்து ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் மூன்று விஷயம் உறுதியான பிறகு. எந்த மாணவியின் நிறத்தைச் சொல்லித் தள்ளுகிறோமோ அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை இருக்க வேண்டும். திடீரென்று ஒரு பிள்ளையை அவமானப்படுத்திவிட்டு அதைப் பாடம் என்று சொல்வதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன், அவள் வெளியே இதை நிஜமாகவே வாங்கிக்கொண்டுதான் வந்திருப்பாள். இரண்டாவது, சோதிக்கப்படுவது அவளாக இருக்கக் கூடாது, பக்கத்தில் நிற்கும் மூத்த டாக்டராக இருக்க வேண்டும். அவர் வாயைத் திறக்கிறாரா? "இவங்கதான் உங்க டாக்டர், நல்லாப் பார்ப்பாங்க, நானும் கூட இருக்கேன்" என்று மரியாதையும் உறுதியுமாகச் சொல்லத் தெரிகிறதா? வார்டில் இந்த மாதிரி நேரத்தில் பெரும்பாலும் காயப்படுத்துவது நோயாளியின் பேச்சைவிட மூத்தவர்களின் மௌனம். மூன்றாவது, முடிந்ததும் நீங்கள் அந்த வேடத்திலிருந்து வெளியே வர நேரம் கொடுக்க வேண்டும். சால்வையைக் கழற்றி வைத்து, உங்கள் பெயரைச் சொல்லி, அந்தப் பெண்ணிடம் நேரில் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கெட்ட வார்த்தை பேசிய வாயோடு யாரையும் பஸ் ஏற்றி அனுப்பக் கூடாது.

கலந்து பேசுவது என்றேனே, அதுதான் வகுப்பின் உயிர். காட்சி பத்து நிமிஷம் என்றால் பேச்சுக்கு இருபது நிமிஷமாவது வேண்டும். உங்களுக்கு நடந்ததில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது, "எல்லாரும் இப்படித்தான்" என்ற பேச்சுக்கு அந்த ஆசிரியர் தலையை ஆட்டிவிட்டுப் போனதுதான். அந்த வாக்கியத்துக்காகத்தான் அந்த வகுப்பே. போஸ்டனில் ஜென்னி ருடால்ஃபும் அவருடன் வேலை செய்தவர்களும் 2006-ல் எழுதிக் காட்டிய ஒரு வழியைத்தான் நாங்கள் பின்பற்றுகிறோம். பார்த்ததைச் சொல், அதைப் பற்றி நீ நினைப்பதையும் மறைக்காமல் சொல், பிறகு அவர் மனசில் என்ன இருந்தது என்று நிஜமாகவே கேள். அந்த ஆசிரியர் இப்படிச் சொல்லியிருக்கலாம்: "எல்லாரும் இப்படித்தான்னு சொன்னே. அப்படி நினைச்சா அடுத்த அம்மாகிட்ட கேட்க வேண்டியதைக் கேட்காம விட்டுடுவியோன்னு எனக்குக் கவலையா இருக்கு. வார்டில் என்ன பார்த்தே, சொல்லு." பையன் ஏதோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வான். அவர் ஏன் மருந்தை மறுத்தார் என்று கேட்டால், கேட்கவில்லை என்பான். அங்கிருந்து பேச்சு தொடங்கும். அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், அதேசமயம் அவன் சொன்னதைக் காற்றில் விடாமல்.

அந்தப் பேச்சில் நீங்களும் உட்கார வேண்டும். நோயாளி நாற்காலியில் இருந்தபடி உங்களுக்கு என்ன தோன்றியது என்பதை வேறு யாராலும் சொல்ல முடியாது. "நீங்க நல்லா செஞ்சீங்க" என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள், டீச்சராக இருந்த பழக்கத்தில் மார்க்கும் போட வேண்டாம். "என் மகனைப் பார்த்தே பேசினீங்க, நான் அங்க இல்லாத மாதிரி இருந்தது" என்று நடந்ததையும் பட்டதையும் மட்டும் சொல்லுங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாளே அந்தப் பெண், அவளைப் பற்றியும் எல்லார் முன்னாலும் அதேபோல் சொல்லுங்கள். நின்றுகொண்டே கேட்ட மற்றவர்கள் அதில் கற்றுக்கொள்வார்கள்.

சில இடங்களில் மாணவர்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்டு, சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, ஊனமுற்றோரின் கஷ்டத்தைப் புரிய வைக்கிறோம் என்கிறார்கள். உங்கள் வகுப்பிலும் அப்படி ஏதாவது திட்டம் இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இந்தப் பயிற்சிக்குப் பிறகு கலந்துகொண்டவர்களுக்குத் தங்கள் உடம்பைப் பற்றிய பயமும் கலக்கமும் கூடியது என்றும், ஊனமுற்றோரிடம் காட்டும் மனப்பாங்கு தேறவில்லை என்றும் கண்டது. கண் தெரியாமல் பல வருஷம் வாழ்ந்தவருக்கு இருக்கும் திறமையில் ஒரு துளியும் பத்து நிமிஷம் கண்ணைக் கட்டிக்கொண்டவருக்கு வராது, பயம் மட்டும்தான் வரும். அதற்குப் பதில் காது கேளாத ஒருவரையே ஆசிரியராக அழைக்கலாம். 2023-ல் சைகை மொழி நம் நாட்டின் 12-ஆவது ஆட்சி மொழி ஆகிவிட்டது. அவர்களை ஆஸ்பத்திரியில் எப்படிக் கூப்பிடுவது, வரிசையில் பெயர் சொல்லிக் கத்தினால் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதையெல்லாம் அவர்களே சொல்லிக்கொடுக்கட்டும்.

பயிற்சிப் பொம்மைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிடைக்கிற பொம்மைகள் பெரும்பாலும் வெளிர் நிறம். உதடு நீலமாவதை வெளிர்த் தோலில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நம் தோலில் தெரியாது. நாக்கையும் கண் இமையின் உட்பக்கத்தையும் உள்ளங்கையையும் பார்க்கப் பழக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிகூட ஏமாற்றும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருப்பதை அது காட்டாமல் விடுவது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020-ல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. இது நடிப்பவர்கள் பார்க்க வேண்டிய விஷயம் இல்லைதான். ஆனால் மரியாதைப் பாடம் வேறு, வைத்தியப் பாடம் வேறு என்று யாராவது பிரித்துப் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

இந்த ஊருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று உங்கள் வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள். வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்கு என்றே 1951-ல் டர்பனில் தொடங்கியது நட்டால் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி. நம் பிள்ளைகளும் ஆப்பிரிக்கப் பிள்ளைகளும் கிங் எட்வர்ட் ஆஸ்பத்திரி வார்டுகளில் சேர்ந்து தொழில் கற்றார்கள். 1966-ல் அங்கே சேர்ந்தவர்தான், வெள்ளையர் ஆட்சியின் நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பிகோ. 1977 செப்டம்பரில் போலீஸ் காவலில் அவர் தலையில் அடிபட்டுக் கிடந்தபோது அவரைப் பரிசோதித்த டாக்டர்களுக்கு நரம்பு மண்டலத்தைச் சோதிக்கத் தெரிந்திருந்தது. மூளை பாதிக்கப்பட்டதற்கான அறிகுறிகளும் கண்ணில் பட்டன. அப்படியும் போலீஸ் சொன்னதற்கு இணங்கி, வண்டியின் பின்னால் போட்டு பிரிட்டோரியாவுக்குக் கொண்டுபோக விட்டார்கள். மருத்துவக் கவுன்சில் அவர்களைக் குற்றம் செய்தவர்கள் என்று சொல்ல 1985 வரை ஆனது. அந்த டாக்டர்களுக்குப் படிப்பில் குறை இல்லை. எதிரே கிடந்தவரை நோயாளியாக அவர்கள் பார்க்கவில்லை. நீங்கள் உட்காரும் அந்த நாற்காலிக்கு முன்னால் மாணவர்கள் பழக வேண்டியது அதைத்தான். "நடிப்புத்தானே" என்று ஒதுக்க முடியாத காரணம் இது.

எல்லாவற்றையும் இந்த வகுப்பு சரிசெய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. விடிகாலையிலிருந்து வரிசையில் நிற்கிற நூறு பேருக்கு இரண்டு டாக்டர் என்றால், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார அவருக்கு நேரம் இருக்காது. மொழிபெயர்ப்பாளர்களை ஆஸ்பத்திரி வேலைக்கு எடுக்க வேண்டும், அது வேறு போராட்டம். ஆனால் கேட்கத் தெரிந்த டாக்டர் இரண்டு நிமிஷத்திலும் கேட்பார். தெரியாதவருக்கு ஒரு மணி நேரம் கொடுத்தாலும் மகனிடமே பேசிக்கொண்டிருப்பார்.

ஒருங்கிணைப்பாளரிடம் நீங்கள் இப்படிப் பேசலாம்: "எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, தொடர்ந்து வர விரும்புகிறேன். இந்தப் பாத்திரம் எங்கள் சமூகத்தைக் கேலி செய்கிற மாதிரி இருக்கிறது, மாணவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். நானே வேறு ஒன்று எழுதித் தருகிறேன், உங்கள் டாக்டர் ஒருவர் மருந்து விவரத்தைச் சரிபார்க்கட்டும். முடிந்ததும் நடக்கும் பேச்சில் நானும் இருக்க வேண்டும்." பெரும்பாலான இடங்களில் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள். நல்ல காட்சி எழுத ஆள் கிடைக்காமல்தான் பழைய தாளையே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். சேலைதான் கட்ட வேண்டும் என்றால் உங்களுக்கு வசதியானதைக் கட்டிக்கொண்டு போங்கள், வேடத்துக்காகப் பொட்டைப் பெரிதாக்க வேண்டாம். அந்தத் தாளையேதான் நடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், தயங்காமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வேறு இடத்தில் உங்களுக்கு வேலை இருக்கிறது.

எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். இன்சுலின் அளவு, மாத்திரைப் பெயர் எல்லாம் இப்போது கிளினிக்குகளில் கொடுக்கிற மாதிரி இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிறேன். அந்த அம்மா விரதம் முடிக்கும்போது முதலில் என்ன சாப்பிடுவார் என்பதை மறக்காமல் எழுதுங்கள். மருந்தின் நேரத்தை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், உங்களைத் தவிர அங்கே யாருக்கும் அது தெரியாது.